கருமணலில் வறுத்த கடலை

அருளப்பன்துறை பஸ்ஸா டீச்சர்? அது இப்ப வராது. வரும்னு போர்டுல எழுதியிருக்கும். போர்டை நம்பி நின்னா கால்தான் வலிக்கும். அந்த வெயில்ல நிக்காதீங்க, நம்ம கடலை வண்டி நிழலுக்குள்ள வாங்க. பெட்டியை இப்படி வையுங்க. எவனும் எடுத்துட்டுப் போக மாட்டான், எடுத்தா என் கையில கரண்டி எதுக்கு இருக்கு? இந்தாங்க, பிடிங்க. கொறிங்க. காசைப் பொறவு பேசுவோம். சூட்டோட சாப்பிடணும் இது, ஆறினா குணம் போயிரும்.

டீச்சர்னு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. அருளப்பன்துறைக்குப் பெட்டியோட போறது ரெண்டே வகை ஆளுதான். ஒண்ணு புதுசா மாத்தலாகி வர்ற டீச்சரு. இன்னொண்ணு மணல் பாக்க வர்ற ஆபீசரு. ஆபீசர் பஸ்ஸுல வர மாட்டாரு.

தாமசம் எங்க? கோயிலுக்கு வடக்கேயா? அட, அப்படின்னா தாசம்மா வீட்டுப் பக்கம்ல! முன்னால முருங்கை நிக்கும், கம்பியில வலை காயும், அந்த வீடு. தாசம்மா என் தங்கச்சி. கூடப் பொறந்தவ. உங்ககிட்ட எனக்கு ஒரு காரியம் ஆகணும் டீச்சர். பெரிய காரியமில்ல. சொல்லுறேன், இருங்க. முதல்ல சாப்பிடுங்க.

எனக்கா? நான் இப்ப கடலை சாப்பிடுறதில்ல. பல்லு சரியில்ல. வயசாகுதுல்ல.

என் பேரு வியாகப்பன். கடப்புறத்துலதான் பொறந்தேன். ஆனா கடலு எனக்கு ஆகாது. சிரிக்காதீங்க, எல்லாரும் சிரிச்சாச்சு. எங்க ஊர்ல ஆம்பளையாப் பொறந்தா கடலுக்குப் போகணும். நானும் போனேன். கரை மறையுறதுக்குள்ள குடல் வாய்க்கு வந்துரும். 'மீனுக்கு இரை வேண்டாம், வியாகப்பனைக் கூட்டிட்டுப் போனாப் போதும்'னு எங்க அப்பாவே சொன்னாரு. ஒரு தகப்பன் சொல்லுற வார்த்தையா அது?

எனக்கு இந்த வண்டியைக் காட்டிக் குடுத்தவரு கித்தேரியான். தாசம்மா புருசன். மச்சான்னு கூப்பிடுவேன், ஆனா அண்ணன் தம்பி மாதிரி. நான் வேலையத்து உக்காந்திருந்தப்ப ஒரு நாள் கடல்ல இருந்து வந்த ஈரத்தோட நேரா என்கிட்ட வந்தாரு. 'எலே மச்சான், கடலுதானே உனக்கு ஆகாது, கடலை ஆகும்ல?'ன்னு கேட்டாரு. சட்டி அவரு வாங்கித் தந்ததுதான். இதோ, இதே சட்டி. மணலும் அவரு அள்ளித் தந்ததுதான்.

கடலையை மணல்ல போட்டு வறுப்பாங்கன்னு தெரியும்ல? எல்லா ஊர்லயும் வெள்ளை மணல், ஆத்து மணல். நமக்கு மட்டும் கருமணல். ஆடி மாசம் கடல் அடிச்சு ஓஞ்சதும் கடப்புறத்துல கறுப்பா ஒரு வரி விழும், பாத்திருக்க மாட்டீங்க, இனிமே பாப்பீங்க. வெள்ளையை அலை இழுத்துட்டுப் போயிரும். கனமான கறுப்பு மட்டும் போக மாட்டேன்னு கெடக்கும். கண்ணுக்கு மை எழுதின மாதிரி. மச்சான் அதைக் கையால வழிச்சு எடுத்து, அலசி, கொசுவலையில சலிச்சுக் கொண்டுவந்து தட்டினாரு. 'வெள்ளை மணல் சட்டுனு சுடும், சட்டுனு ஆறும். இது பைய சுடும் மச்சான். ஆனா ஆறவே ஆறாது. உன் தங்கச்சி கோவம் மாதிரி'ன்னாரு. தாசம்மா அங்கேயேதான் நின்னா. கையில இருந்த மீன் சட்டித் தண்ணியை அப்படியே அவரு மேல ஊத்தினா.

அப்படி இருந்த குடும்பம் டீச்சர்.

அந்த மணலை மாத்தக் கூடாது. வறுக்க வறுக்கத்தான் அது கடலை எண்ணெயைக் குடிச்சு மினுங்கும். குறைஞ்சா வருசத்துக்கு ஒரு கை புதுசு சேத்துக்கலாம், அவ்வளவுதான். பாருங்க, உள்ள பாருங்க. கறுப்பு முத்து மாதிரி இல்ல? கரண்டியைப் போட்டா சத்தமே வேற. ஊர்ல என் கடலை இல்லாம ஒரு பூசை முடியாது, ஒரு திருவிழா முடியாது, ஒரு பந்து விளையாட்டு முடியாது. மச்சான் கரைக்கு வந்ததும் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி என் வண்டிக்குத்தான் வருவாரு. மடியில கொட்டிக்கிட்டுத் தின்னுட்டே போவாரு.

மச்சான் போய்ட்டாரு. வயித்துல கேன்சர். அது நடந்து கொஞ்ச வருசம் ஆகுது. அதை விடுங்க. மணல் ஆபீசர் கதைக்கு வாறேன்.

ஹோய்! அது உங்க பஸ்ஸு இல்ல, உக்காருங்க. அது அணைக்கட்டுக்குப் போற வண்டி. உங்க பஸ்ஸு முன்னாடி ஒரு விளக்கு உடைஞ்சிருக்கும். நான் பாத்துச் சொல்லுறேன்.

ஆபீசருங்க வந்தது ஒரு கோடைக்காலம். முதல்ல கடப்புறம் பூரா சின்னச் சின்னச் சிவப்புக் கொடி நட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு அது போதும்ல? வலை கெடக்குற இடம் தெரியணும்னு மிதவையில கட்ட எல்லாவனுக்கும் கொடி வேணும். வெள்ளன பாத்தா கடப்புறத்துல ஒரு கொடி இல்ல, அத்தனையும் கடல்ல மிதக்குது. ஆபீசருங்க தலையில கைய வச்சு நின்னாங்க. மறுபடி நட்டாங்க. மறுபடி கடலுக்குப் போச்சு. கடைசியில கொடிக்கொரு ஆளைக் காவலுக்குப் போட்டுத்தான் வேலை நடந்துச்சு. நீளக் குழாயை மணல்ல இறக்கி, உறிஞ்சி, பையில கட்டிக் கொண்டுபோனாங்க.

அதுல பூபாலன்னு ஒரு சாரு. டெல்லியில இருந்து வந்தவரு, ஆனா நல்லாத் தமிழ் பேசுவாரு. சாயங்காலமானா என் வண்டிக்கு வருவாரு. 'ஐயா'ன்னு கூப்பிடுவாரு. என்னை ஐயான்னு கூப்பிட்டது அவரு ஒருத்தருதான். எங்க ஊர்ல சின்னப் பயலும் 'கடலை'ன்னுதான் கூப்பிடுவான்.

ஒரு நாள் சட்டைப் பையில இருந்து ஒரு காந்தத்தை எடுத்து, 'ஐயா, கொஞ்சம் மணல் ஆறினது இருக்கா?'ன்னாரு. குடுத்தேன். காந்தத்தைக் கிட்ட கொண்டுபோனதும் மணலு எழும்பி அப்பிக்கிச்சு பாருங்க, காந்தத்துக்கு மீசை முளைச்ச மாதிரி! எனக்கு சின்னப் புள்ளை மாதிரி சந்தோசம். 'இன்னொரு தடவை செய்யுங்க சார்'னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன்.

அவருதான் விவரமாச் சொன்னாரு. இந்த மணலுக்குள்ள என்னென்னமோ இருக்காம். ஆகாசத்துல பறக்குறதுக்கு ஒண்ணு, செல்போனுக்கு ஒண்ணு, பேட்டரியில ஓடுற காருக்கு ஒண்ணு, அணு உலைக்கு ஒண்ணு. இதெல்லாம் இல்லாம இனிமே ஒரு நாடும் நிமிந்து நிக்க முடியாதாம். நம்ம காலடியில வச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரன்கிட்ட போய்க் கையேந்துறோமாம். அவன் தர மாட்டேன்னு ஒரு நாள் கதவைச் சாத்தினா நம்ம கதி? அதனால இனிமே எது முக்கியம், எங்க இருக்கு, எப்படி எடுக்கணும்னு சர்க்காரு ஒரு திட்டம் போட்டிருக்காம். அந்தத் திட்டத்துல நம்ம ஊருப் பேரு இருக்காம். 'ஐயா, நீங்க வறுக்கிறது கடலை இல்ல, நாட்டோட எதிர்காலம்'னு சொல்லிட்டுச் சிரிச்சாரு.

அன்னிக்கு எனக்குத் தூக்கமில்ல. யோசிச்சுப் பாருங்க. கடலுக்குப் போகத் தெரியாதவன், ஊரே சிரிச்சவன். நாடே தேடுற சரக்கு என் சட்டியில கெடந்திருக்கு!

தாசம்மாகிட்ட போய்ச் சொன்னேன். மீன் நறுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்காமலே சொன்னா: 'நாட்டுக்கு நம்ம ஊருப் பேரு தெரிஞ்சுபோச்சாண்ணே? நல்லது. அவரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பஸ்ஸு கேட்டோமே, அப்ப அந்த நாடு எங்க போயிருந்துச்சாம்?'

அவ அப்படித்தான். வாய் அரிவாள்மணைக்கு மேல.

ஊரு இதுக்கு ஒத்துக்கல. மணலை அள்ளினா கடல் உள்ள வரும்னாங்க. அது உண்மை. தெற்குத் தெருவுல பாதியை ஏற்கனவே கடல் தின்னாச்சு, நீங்களே போய்ப் பாப்பீங்க, ஒரு வீட்டுக்கு அடுப்படி மட்டும் நிக்கும். ஆனா அதோட விட்டாங்களா? மணல்ல நஞ்சு இருக்கு, அதுதான் ஊர்ல இத்தனை கேன்சருன்னு சொன்னாங்க. ஜெனிஸ்டன்னு ஒரு பையன், காலேஜு படிச்சவன், அவன்தான் இதுக்கெல்லாம் முன்னால நின்னவன். பெண்களைச் சேத்தது தாசம்மா.

கோயில் முன்னால பந்தல் போட்டு உண்ணாவிரதம். ஒரு நாளைக்கு ஒரு தெரு, முறை வச்சு. நான் என்ன செய்யட்டும்? என் வண்டி நிக்கிற இடமே அதுதான். கூட்டம் சேருற இடத்துலதானே வியாபாரம்? வெளியூர்ல இருந்து ஆளு வருது, போலீசு வருது, பேப்பர்காரங்க வாறாங்க. நான் வறுக்குறேன். மணம் பந்தலுக்குள்ள போகுது. தாசம்மா மைக்கைப் பிடிச்சுக்கிட்டே கத்தினா: 'கடலைக்கார அண்ணேன் கவனத்துக்கு! நாங்க பட்டினி கெடக்குறது சர்க்காரை அசைக்க. நீ எங்களை அசைக்காம வண்டியை அந்தப் பக்கம் தள்ளு!' பந்தலே சிரிச்சுது. நானும் சிரிச்சுக்கிட்டே காத்துக்கு மறுபக்கம் தள்ளிப் போட்டேன். சாயங்காலம் பழரசம் குடிச்சு முடிச்சதும் அத்தனை பேரும் நேரா என் வண்டிக்குத்தான் வந்தாங்க, தாசம்மாவும் சேத்து. போராட்டத்துக்கு என்னால ஆனது அது. அதை ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

கருமணலுக்கு எதிரா கோஷம் போட்ட வாயோட வந்து கருமணல்ல வறுத்த கடலையைத் தின்னாங்க டீச்சர். எனக்கும் தோணல, அவங்களுக்கும் தோணல. காலங்காலமா சட்டியில கெடக்குறது மணலு. அவங்க வேண்டாம்னது வேற எதுவோ. அப்படித்தான் இருந்துச்சு எல்லாருக்கும்.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம்னு ஒண்ணு வச்சாங்க. டவுன்ல ஒரு கல்யாண மண்டபத்துல. முந்தின நாளு யாருக்கோ கல்யாணம் போல, மேடையில 'சுஜின், ஆன்ஸி'ன்னு தெர்மாக்கோல்ல எழுதினது அப்படியே நிக்குது. அதுக்குக் கீழ வரிசையா அதிகாரிங்க, மாப்பிள்ளை வீட்டாரு மாதிரி. இந்தப் பக்கம் நம்ம சனம். அந்தப் பக்கம் மணல் அள்ளப் போற கம்பெனி கூட்டிட்டு வந்த ஆளுங்க, ஒரே மாதிரி தொப்பி.

ஜெனிஸ்டன் வாசல்லயே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தான். 'யாரும் நீட்டிப் பேசாதீங்க. எங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.' சரின்னேன்.

தாசம்மா பேசினா. நல்லாப் பேசினா, நான் சொல்லக் கூடாது, என் தங்கச்சி. மச்சான் போட்டோவைக் கையில வச்சுக்கிட்டு மேடைக்குப் போனா. 'இந்த மணல்மேலதான் வலை பின்னினாரு, இதுலதான் படுத்தாரு. கிளறாம கெடந்தப்பவே இவரைக் கொண்டுபோச்சு. கிளறினா எத்தனை பேரைக் கொண்டுபோகும்? அதை உங்க திட்டத்துல எழுதியிருக்கீங்களா?' அவ்வளவுதான் சொன்னா.

அப்பதான் பூபாலன் சாரு எந்திரிச்சாரு. 'அருளப்பன்துறையைச் சேர்ந்த பெரியவர் திரு. வியாகப்பன் மேடைக்கு வரணும்'னாரு. திருவாம்! என் பேரு மைக்குல வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில நிக்கல. ஜெனிஸ்டன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான், 'போகாதீங்க மாமா'ன்னான். அவனுக்குப் பொறாமைன்னு நெனைச்சேன்.

போனேன். மரியாதையாக் கேட்டாரு.

'ஐயா, நீங்க கடலை வறுக்கிற மணல் எங்க எடுத்தது?'

'நம்ம கடப்புறத்துலதான் சார். கோயிலுக்கு வடக்க.'

'எவ்வளவு காலமா?'

'என் தலைமுடி கறுப்பா இருந்த காலத்துல இருந்து.'

எல்லாரும் சிரிச்சாங்க. நம்ம பக்கமும் சிரிச்சாங்க, சத்தியமா. எனக்கு தைரியம் வந்துச்சு.

'யாரெல்லாம் சாப்பிடுவாங்க?'

'யாரு சாப்பிடல? இங்க உக்காந்திருக்கிற அத்தனை சனமும் என் கடலையைத் தின்னு வளந்ததுதான்.'

'யாருக்காவது ஏதாவது ஆச்சா?'

'ஆகுறதாவது! சட்டிக்கு முன்னால நிக்கிற நானே கல்லு மாதிரி நிக்கேன். என் மச்சான் கித்தேரியான் ஒரு நாள் விடாம தின்னாரு சார். கடலைன்னா அவருக்கு உசிரு.'

பாசத்துல வந்த வார்த்தை டீச்சர் அது. அவரு பேரை அந்த மைக்குல ஒரு தடவை சொல்லணும்னு இருந்துச்சு. எனக்கு வாழ்க்கை குடுத்த மனுசன்.

தொப்பிக்காரங்க கை தட்டினாங்க. பூபாலன் சாரு 'உள்ளூர்ப் பெரியவரே சொல்லிட்டாரு, பயப்பட ஒண்ணுமில்ல'ன்னாரு. நான் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாக்குறேன். நம்ம பக்கத்துல ஒரு கை தட்டல. ஜெனிஸ்டன் நாற்காலி மேல ஏறி நின்னான். 'கித்தேரியான் மாமா எப்படிச் செத்தாருன்னு கேளுங்க! அதையும் அவருகிட்டயே கேளுங்க!'ன்னு கத்தினான். மண்டபம் ரெண்டாச்சு. நாற்காலி பறக்குது. சுஜின் ஆன்ஸி உடைஞ்சு விழுது.

தாசம்மா மட்டும் எந்திரிக்கல. மடியில போட்டோவை வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருந்தா.

நான் என்ன தப்பாச் சொன்னேன்? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்ல.

சாப்பிடுங்க டீச்சர், கையிலயே வச்சிருக்கீங்க. எனக்கு வாய் நமநமங்குது, ஒரு பாக்கைப் போட்டுக்கிறேன். கொட்டைப் பாக்கா இருக்கணும், நறுக்குன்னு கடிபடணும் எனக்கு. சீவல் எல்லாம் ஆகாது.

மறுநாள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். யாரும் திட்டல, அடிக்கல. அடிச்சிருந்தா ரெண்டு அடி வாங்கிட்டு வறுத்திருப்பேன். யாரும் வரல, அதுதான். சின்னப் புள்ளைங்க ஓடி வந்ததுங்க, தாய்மாரு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. மருமவ முறையாகுற ஒருத்தி, என் கடலையைத் தின்னுத்தான் பல்லு முளைச்சவ, இடுப்புல புள்ளையோட வந்து பைய கேட்டா: 'மாமா, இவனுக்கு நிறையக் குடுத்திருக்கேன். ஒண்ணும் செய்யாதுல்ல?' கோவமாக் கேட்டாக்கூடப் பரவால்ல. அவ கெஞ்சுறா.

அதுக்குள்ள ஒரு சர்க்காரு ஜீப்பு வந்துச்சு. ஊரு புகார் குடுத்துச்சோ, மேடையில நான் பேசினதை வச்சே வந்தாங்களோ தெரியாது. 'கருமணலை அனுமதியில்லாம வச்சிருக்கிறது குத்தம். இது அணுக் கனிமம்'னு சொல்லி, சட்டியோட கவுத்து மணலைச் சாக்குல கட்டிட்டாங்க. காலி சட்டியை என் கையில குடுத்தாங்க. நான் பூபாலன் சாரு தங்கியிருந்த பங்களாவுக்கு ஓடினேன். 'சார், ஒண்ணும் செய்யாதுன்னு மேடையில சொன்னீங்களே?'

'ஒண்ணும் செய்யாது ஐயா.'

'அப்ப ஏன் சார் எடுத்துட்டுப் போறாங்க?'

'ஒண்ணும் செய்யாது. ஆனா நீங்க வச்சிருக்கக் கூடாது. அது நாட்டோட சொத்து.'

நல்ல மனுசன்தான். தண்ணி குடுத்தாரு. கேஸு வராம நான் பாத்துக்கிறேன்னாரு. ஆனா அன்னிக்கு என்னை ஐயான்னு கூப்பிட்டப்ப காதுல ஏறல.

ஹோய், கண்டக்டரே! அருளப்பன்துறை வண்டி டிப்போவுல இருந்து எடுத்தாச்சா? எடுத்தாச்சாம் டீச்சர். வந்துரும். அதுக்குள்ள நான் அடுப்பை மூட்டுறேன். இல்ல, இது அணையட்டும். அந்தச் சின்ன அடுப்பு.

ஒரு காலையில தாசம்மா என் வீட்டுக்கு வந்தா. கூடை இல்லாம வந்தா. அவ மீன்கூடை இல்லாம வெள்ளன வெளிய வந்து நான் பாத்ததில்ல. வாசப்படிக்கு வெளியவே நின்னா.

'அண்ணே. அவருக்கு... உன் கடலையாலயா?'

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எவன் கேட்டாலும் தாங்குவேன், நீ கேக்கலாமா? பிடிச்சேன் ஒரு பிடி. உன் புருசன் பீடி குடிக்கலையா? சாராயம் குடிக்கலையா? மாசக்கணக்குல கருவாட்டையே தின்னுட்டுக் கெடக்கலையா? ஊர்ல கேன்சரு வந்தவன் எல்லாவனும் கடலைக்குச் செத்தானா? நேத்து வந்த ஜெனிஸ்டன் சொல்லுறான்னு அண்ணன் வாசல்ல வந்து நிக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? கத்தினேன், அக்கம்பக்கம் கதவெல்லாம் திறந்துச்சு.

அவ எல்லாத்தையும் கேட்டா. கேட்டுட்டு, 'இல்லைன்னு சொல்லுண்ணே. நீ சொன்னா நம்பிருவேன்'னா.

நான் மறுபடியும் பீடியில ஆரம்பிச்சேன்.

போய்ட்டா. அதுக்குப் பிறகு என்கிட்ட பேசல.

நீங்களே சொல்லுங்க டீச்சர். அவ்வளவு பேசினேனே, அதுக்குள்ள 'இல்லை' அடங்கலையா? தனியா ஒரு தடவை எடுத்துச் சொல்லணுமா அதை? நான் என்ன டாக்டரா, மணலை உடைச்சு உள்ள பாத்தவனா? பாத்தவங்களே ஒருத்தன் செய்யுங்கிறான், ஒருத்தன் செய்யாதுங்கிறான்.

நான் கெளம்பி இங்க வந்துட்டேன். யாரும் விரட்டல, நானாத்தான் வந்தேன். இங்க வியாபாரம் ஜோரு, ஒரு குறையுமில்ல. என்ன, ஒரு இடத்துல உக்கார முடியல. பஸ்ஸு வந்தா எந்திரிக்கிறேன், போனா எந்திரிக்கிறேன். எந்த வண்டி அருளப்பன்துறைக்குப் போகுதுன்னு கண்ணு அதுலயே நிக்குது. சவத்தை விடுங்க.

அந்தத் திட்டமா? கெடக்கு. தள்ளி வச்சிருக்காங்கன்னு ஒருத்தன், அடுத்த மாசம் மறுபடி கூட்டம்னு ஒருத்தன். பூபாலன் சாரு வேற ஊருக்குப் போய்ட்டாரு, அங்க வேற கனிமமாம். நம்ம ஊர்ல என்னைக் கம்பெனி ஆளுன்னு சொல்லுறாங்களாம். கம்பெனி எனக்கு ஒரு தொப்பிகூடத் தரல.

இந்த மணலா? இது அவங்க கண்ணுல படாதது. மச்சான் முதமுதல்ல அள்ளித் தந்ததுல ஒரு ஊறுகாப் பரணி நிறைய எடுத்துத் தனியா வச்சிருந்தேன், பரண்மேல. அதைத்தான் போட்டிருக்கேன். வேற மணல்ல எனக்குக் கை வராது டீச்சர். ஆத்து மணல்ல வறுத்துப் பாத்தேன், பாதி கரியும் பாதி பச்சையும். இந்த மணல்ல ஒரு குறையும் கெடையாது. எத்தனை பேரு தின்னுட்டுப் போறாங்க, தினம். போலீஸ்காரங்களே திங்காங்க.

இப்ப உங்க காரியத்துக்கு வாறேன். என் காரியத்துக்கு. தாசம்மாவுக்கு ஒரு பொட்டலம் குடுத்துவிடணும். அந்தப் பக்கம் போறவங்ககிட்ட எல்லாம் குடுத்துவிட்டுட்டுத்தான் இருக்கேன். மறுநாள் அந்த பஸ்ஸு கண்டக்டர் கையில அப்படியே திரும்பி வருது. முடிச்சுகூட அவிழ்க்கல. ஆனா நீங்க புது டீச்சரு, பக்கத்து வீடு. வீடு தேடி வந்த டீச்சர் குடுக்குறதை அவ தள்ள மாட்டா, அவளுக்குப் படிச்ச பொண்ணுங்கன்னா மதிப்பு.

ஒரு நிமிசம் இருங்க. இதுல இருந்து இல்ல. அவளுக்கு அந்தச் சட்டியில. புதுச் சட்டிதான், அவளுக்கு மட்டும் எடுக்குறது. உள்ள என்னன்னா பாக்குறீங்க? உப்பு. கல்லுப்பு. மணலுக்குப் பதிலா உப்புல வறுக்கலாம், கொஞ்சம் பக்குவம் தப்பினா கரிச்சுப்போகும், கண்ணெடுக்காமக் கிண்டணும். சும்மா ஒரு மாறுதலுக்குத்தான். அவளுக்கு உப்புக் கடலைன்னா... பிடிக்குமோ என்னமோ. பிடிக்கும். இது நல்லா வெளுப்பா இருக்குல்ல? ஒரு கறுப்புப் பொட்டு இருக்கக் கூடாது. அந்தக் கரண்டி வேண்டாம், அது மணல்ல கெடந்தது. இந்த மரக்கரண்டி.

வந்துட்டான் பாருங்க, விளக்கு உடைஞ்சவன்! ஓடாதீங்க, நான் சொன்னா நிப்பான். கண்டக்டரே, டீச்சர் வாறாங்க, நம்ம தாசம்மா வீட்டுப் பக்கம், பாத்து இறக்கிவிடு. இந்தாங்க, சூடு, துணியில பிடிங்க. யாரு குடுத்தான்னு கேட்டா என் பேரைச் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரிஞ்சுரும். ஆனா குடுக்குறப்பவே, அவ கை நீட்டுறதுக்கு முன்னாடியே, உப்புல வறுத்ததுன்னு சொல்லிருங்க. மறந்துராதீங்க. அதை முதல்ல சொல்லிருங்க டீச்சர்.

என்ன டீச்சர், உங்க பொட்டலத்தைப் பெஞ்சுலயே வச்சுட்டுப் போறீங்க? நல்லாத்தானே தின்னுட்டு இருந்தீங்க. எடுத்துக்கிடுங்க, வழியில பசிக்கும்ல. ஒண்ணும் செய்யாது டீச்சர். ஒண்ணும் செய்யாது. சாப்பிடுங்க.